ஆங்கில ஆண்பெயர்களின் கதை – 4: வில்லியம் வந்த பிறகு

சென்ற இதழில், பழைய ஆங்கிலேயர் தம் ஆண்மக்களுக்கு நாமகரணம் செய்த முறையைப் பார்த்தோம். பாக்கியம், காவல், நட்பு, ஈட்டி, ஓநாய், கல் என்று முன்னோர் விட்டுச் சென்ற சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுள் இரண்டை எடுத்து இணைத்து, கூடியவரையில் உறவினர் எவரும் தாங்காத பெயராகப் பார்த்துக் குழந்தைக்குச் சூட்டினார்கள் என்றும், அதனால் எட்வர்டில் பாக்கியமும் காவலும், எட்வினில் பாக்கியமும் நட்பும், எட்கரில் பாக்கியமும் ஈட்டியும், ஆல்பிரட்டில் வனதேவதையும் ஆலோசனையும் கூடி நிற்கின்றன என்றும் சொன்னோம். கூடிய இரண்டும் பொருந்தி ஓர் அர்த்தம் தரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவர்களுக்கு இருந்ததில்லை. விக்ஃபிரித் என்று ஒருவர் இருந்தார், அவர் பெயரின் முற்பாதி போர், பிற்பாதி சமாதானம். பொருளைவிட ஓசைக்கே அவர்கள் அதிகம் கட்டுப்பட்டார்கள். மேற்கு சாக்ஸன் அரசன் எத்தெல்வுல்ஃபின் மைந்தர்கள் எத்தெல்பால்டு, எத்தெல்பெர்ட், எத்தெல்ரெட், ஆல்பிரட். ஆல்பிரட்டின் மகன் எட்வர்டு. எட்வர்டின் மக்கள் எத்தெல்ஸ்டன், எட்மண்டு, எட்ரெட். எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்தோடும் மோனை கொள்ளலாம் என்பது அவர்களுடைய யாப்பின் விதியாகையால், மூன்று தலைமுறை அரச குடும்பமும் ஒரே செய்யுளின் அடிகளைப்போல் மோனை தவறாமல் நின்றது.

இந்த முறையின் கடைசிச் சாட்சியாக ஒருவரை நிறுத்தலாம். வுஸ்டர் நகரில் 1062 முதல் மேற்றிராணியாராக இருந்த உல்ஃப்ஸ்டன் என்பவரின் தந்தை பெயர் எத்தெல்ஸ்டன், தாய் பெயர் உல்ஃப்கிஃபு. தாயின் பெயரில் முற்பாதியையும் தந்தையின் பெயரில் பிற்பாதியையும் வெட்டி எடுத்து ஒட்டி, உல்ஃப்ஸ்டன் என்று மகனுக்கு இட்டார்கள். ஓநாயும் கல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்தார்கள், பிள்ளை பிறந்தது, பெயரும் அப்படியே பிறந்தது. நார்மானியர் வந்து தேசத்துப் பீடங்களையெல்லாம் தம்மவருக்கு வழங்கிய பிறகும் தம் பீடத்தை விட்டு அசையாமல் 1095 வரையில் இருந்தவர் அவர். அவர் கண் மூடிய காலத்தில், அவர் பெயரைப் போன்ற பெயர்களும் கண்மூடத் தொடங்கிவிட்டன.

பெயரின் உறுப்புகள் அந்தக் காலத்தார் காதில் உயிரோடு ஒலித்துக்கொண்டிருந்தன என்பதற்கு ஒரு பரிகாசத்தை உதாரணம் காட்டுவதுண்டு. டேனியரை எதிர்க்கத் தெரியாமல் பொன் கொடுத்துக் கொடுத்தே தேசத்தைத் தேய்த்த அரசன் எத்தெல்ரெட்டின் பெயருக்கு, மேலான ஆலோசனை உடையவன் என்பது பொருள். அதன்மேல் ‘அன்ரெட்’ என்ற பட்டத்தை ஏற்றி, நல்லாலோசனை என்னும் ஆலோசனையிலி என்று பின்னாளில் ஏசினார்கள். அந்தப் பழஞ்சொல் வழக்கொழிந்தபோது ஹாஸ்யமும் ஒழிந்தது. இன்றைய ஆங்கிலப் பள்ளிச் சிறுவன் அந்தப் பட்டத்தை ‘அன்ரெடி’ என்று திரித்துக்கொண்டு, எதற்கும் ஆயத்தமாயிராத மன்னன் போலும் என்று எண்ணிப் பரீட்சை எழுதுகிறான்.

1066ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் அருகே நடந்த போரில் ஆங்கிலேய மன்னன் ஹாரல்டு விழுந்தான். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று நார்மண்டிப் பிரபு வில்லியம் வெஸ்ட்மின்ஸ்டரில் முடி சூடினான். அன்றுமுதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள், ஆங்கிலேய ஜாதியார் தம் முன்னோர் ஐந்நூறு ஆண்டுகளாக ஈட்டிவைத்திருந்த பெயர்ச் செல்வத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். இதற்கு வில்லியம் சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காட்வின் என்று பிள்ளைக்குப் பெயரிடாதே என்று எந்த நார்மானியனும் எவன் வீட்டு வாசலிலும் வந்து நிற்கவில்லை. நிலத்தை வாளால் பிடுங்கினார்கள். பெயரை ஜனங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வந்த பெயர்களும் அந்நியமானவை அல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. நார்மானியர் வடகடலிலிருந்து வந்த கொள்ளைக்காரரின் வம்சத்தார். பிரெஞ்சு நாட்டில் குடியேறி நாலைந்து தலைமுறைக்குள் பாஷையையும் மதத்தையும் மாற்றிக்கொண்டது போலவே, பெயர்களையும் பெரும்பாலும் பிராங்கியரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள். பிராங்கியரோ ஜெர்மானிய இனத்தார். ஆகவே வில்லியம் என்பதில் விருப்பமும் தலைக்கவசமும், ராபர்ட் என்பதில் புகழும் ஒளியும், ரிச்சர்டில் ஆட்சியும் வலிமையும், ஹென்றியில் இல்லமும் ஆட்சியும், ரோஜரில் புகழும் ஈட்டியும், வால்டரில் ஆட்சியும் சேனையும், ரால்ஃபில் ஆலோசனையும் ஓநாயும் அடங்கியிருக்கின்றன. உல்ஃப்ஸ்டன் பெயரில் வரும் ஓநாயும் ரால்ஃபின் வாலில் தொங்கும் ஓநாயும் ஒரே காட்டு ஓநாய். எத்தெல்ரெட்டின் பிற்பாதியில் உள்ள ஆலோசனையும் ரால்ஃபின் முற்பாதியில் உள்ள ஆலோசனையும் ஒரே சொல். ஒன்றுவிட்ட சகோதரன் வேற்றூர் உடை உடுத்திக்கொண்டு வந்தபோது அவனை அந்நியன் என்று வணங்கி, கூடப்பிறந்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய கதை இது.

வில்லியம் என்ற பெயரின் உருவத்திலேயே நார்மண்டியின் முத்திரை இருக்கிறது. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் அப்பெயர் கியோம் என்று ஆகிவிட்டது. வடமேற்கு மூலையிலிருந்த நார்மானியர் பேச்சில்தான் பழைய வகர ஒலி மாறாமல் இருந்தது. கடைகளில் விற்கும் பெயர்ப் புத்தகங்கள், வில்லியம் என்றால் ‘உறுதி மிக்க காவலன்’ என்று எழுதிப் பெற்றோரை மகிழ்விக்கின்றன. விருப்பம் ஒரு சொல், கவசம் ஒரு சொல். இரண்டையும் வேற்றுமை உருபு வைத்து வாக்கியமாக்குவது அந்த நூலாசிரியர்களுடைய தாராள மனத்தைக் காட்டுமேயன்றி வேறொன்றையும் காட்டாது.

பெயர் மாறிய விதத்தை ஒரு சிறுவன் மூலம் கிட்ட நின்று பார்க்கலாம். 1075இல், ஷ்ரூஸ்பரி நகருக்கு அருகே, நார்மானியப் பிரபுவிடம் ஊழியம் பார்த்த ஓர்லியான்ஸ் நகரத்துப் பாதிரியாருக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. ஆட்சம் என்ற சிற்றூர்க் கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்த ஆங்கிலக் குருவின் பெயர் ஆர்டரிக். அவர் தம் பெயரையே குழந்தைக்கும் வைத்தார். பத்து வயதில், தந்தை கண்ணீர் விட்டுக்கொண்டே அப்பிள்ளையைக் கடல் கடந்து நார்மண்டியிலுள்ள சான் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பினார். யோசேப்பு எகிப்தில் கேட்டதுபோலத் தனக்குத் தெரியாத பாஷையைத் தானும் அங்கே கேட்டதாக, முதுமையில் தாம் எழுதி முடித்த திருச்சபைச் சரித்திரத்தின் இறுதியில் அவர் சொல்லிக்கொள்கிறார். 1085ஆம் ஆண்டு செப்டம்பரில், புனித மொரீஸும் அவருடைய தோழர்களும் வேதத்துக்காக உயிர்விட்டதைக் கொண்டாடும் திருநாளன்று, அச்சிறுவனுக்கு மடத்தில் முடி களைந்தார்கள். ஆர்டரிக் என்ற ஓசை நார்மானியர் செவிக்குக் கரடுமுரடாகப் பட்டதாம். அன்றைய திருநாளுக்குரிய தோழர்களில் ஒருவரான விடாலிஸின் பெயரை எடுத்து அவனுக்கு இட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் அந்த மடத்திலேயே இருந்து, அவர்கள் பாஷையைக் கற்று, அவர்களுடைய பிரபுக்களின் சரித்திரத்தையே தம் வாழ்நாள் வேலையாக எழுதியவர், தம்மை மட்டும் இங்கிலாந்தில் பிறந்தவன் என்றே குறித்துவந்தார். இன்று உலகம் அவரை ஆர்டரிக் விடாலிஸ் என்று இரண்டு பெயராலும் அழைக்கிறது. ஆட்சத்துக் குரு வைத்ததுதான் முதலில் நிற்கிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் இந்தக் கதி நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். வில்லியத்தின் மகன் முதலாம் ஹென்றி 1100 நவம்பரில் ஸ்காத்லாந்து அரசன் மகளை மணந்தான். தாய்வழியில் ஆல்பிரட்டின் குலக்கொழுந்தான அந்தப் பெண்ணின் பெயர் எடித். சுத்தமான பழைய ஆங்கிலப் பெயர். சிம்மாசனத்தில் அமர்ந்தபோது அவள் மெடில்டா ஆகிவிட்டாள். அப்படியும் நார்மானியப் பிரபுக்களின் வாய் ஓயவில்லை. இந்த அரசன் உள்ளூர்க்காரியை மணந்து உள்ளூர்க்காரனாகிவிட்டான் என்று நகைத்து, அவனை காட்ரிக் என்றும் அவளைக் காட்கிஃபு என்றும் மறைவிடத்தில் அல்ல, வெளிப்படையாகவே கூப்பிட்டார்கள் என்று மால்ம்ஸ்பரி மடத்து வில்லியம் எழுதிவைத்திருக்கிறார். காட்ரிக், காட்கிஃபு இரண்டிலும் தெய்வத்தின் பெயர் இருக்கிறது; முன்னதில் அதன் ஆட்சி, பின்னதில் அதன் கொடை. பொருளில் குறையில்லை. ஆனால் குடியானவன் வீட்டுப் பெயர் என்ற ஒரே காரணத்தால் அது அரண்மனையில் வசைச்சொல்லாயிற்று. ஹென்றி அந்தக் கேலியைக் கேட்டுப் பலமாகச் சிரித்து, கோபத்தை உள்ளே பூட்டிவைத்துக்கொண்டானாம்.

அரண்மனையில் பிறந்த ஏளனம் தெருவுக்கு இறங்க எத்தனை நாள் பிடிக்கும்? வடக்கே விட்பி என்ற கடற்கரை ஊரில், ஹேஸ்டிங்ஸ் போருக்கு இரண்டு மூன்று தலைமுறைக்குப்பின் பிறந்த ஒரு பையனுக்கு டோஸ்டி என்று பெயர். டேனியர் வழியில் வந்து அந்தச் சீமையில் வேரூன்றிய பெயர் அது. ஹாரல்டு மன்னனின் தம்பிக்கும் அதுவே பெயர். கூட விளையாடும் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெற்றோர் பொறுக்கமாட்டாமல் வில்லியம் என்று மாற்றிவிட்டார்கள். அப்பையன் பின்பு துறவு பூண்டு பார்த்தலோமியு என்ற மூன்றாம் பெயரோடு ஃபார்ன் தீவில் நெடுங்காலம் தவம் இருந்து 1193இல் காலமானார். வடகடற்கரையில் ஒரு மீன்பிடி ஊரில், மணலில் விளையாடும் சிறுவர் கூட்டத்துக்கு டோஸ்டி என்பது சிரிப்பாகவும் வில்லியம் என்பது கௌரவமாகவும் தோன்றிவிட்ட பிறகு, வேறு சட்டம் எதற்கு?

இதற்கு உதவி செய்த சம்பிரதாயம் ஒன்றும் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்திய ஞானத்தந்தையே பெரும்பாலும் தம் பெயரை அதற்குக் கொடுத்தார். குடியானவன் தன் பிள்ளையை ஏந்தும்படி யாரை அழைப்பான்? தன்னைவிட ஒரு படி மேலே இருப்பவனைத்தான். 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கைப் புரட்டினால், அரசனிடமிருந்து நேரே பெருநிலம் பெற்றிருந்தவர்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகிவிட்டது தெரியும். மேற்படியில் நின்றவர்களெல்லாம் ராபர்ட்டும் ரிச்சர்டும் ரால்ஃபுமாக இருந்தபோது, தொட்டியிலிருந்து எழுந்த குழந்தைகளும் அப்படியே எழுந்தன. வின்செஸ்டர் நகரத்து வீட்டுக்காரர்களை 1110 அளவிலும் 1148இலும் கணக்கெடுத்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் தந்தைக்கு ஆங்கிலப் பெயரும் மகனுக்கு நார்மானியப் பெயருமாக வரும் குடும்பங்களைப் பார்க்கையில், ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவே கதவு சாத்தப்படும் சப்தம் கேட்பதுபோல் இருக்கிறது.

வில்லியம் என்ற பெயர் எந்த அளவுக்குப் பெருகியது என்பதற்கு ஒரு விருந்தைச் சொல்வார்கள். 1170களின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கு, இரண்டாம் ஹென்றியின் மகனான இளவரசன் நார்மண்டியில் பேயோ நகரத்துக்கு அருகே கொலுவிருந்தான். அங்கே வந்திருந்த இரண்டு வில்லியம்கள் விளையாட்டாக, வில்லியம் அல்லாதவர் இந்த அறையில் சாப்பிடக்கூடாது என்று உத்தரவிட்டு மற்றவர்களை வெளியேற்றினார்கள். அப்படியும் வில்லியம் என்று பெயர் கொண்ட வீரப் பிரபுக்களே 110 பேர் மிஞ்சினார்கள் என்று அக்காலத்து ஆசிரியரான டோரிக்னி ராபர்ட் எழுதுகிறார். பரிமாறினவன் யாரை எப்படிக் கூப்பிட்டானோ!

திருச்சபையின் பெயர்கள் இதற்குச் சற்றுப் பின்னே வந்தன. வெற்றிக்கு முன் இங்கிலாந்தில் வேதாகமப் பெயர்களைத் துறவிகளும் குருமாரும் அங்கொருவர் இங்கொருவராகத் தாங்கினார்களேயன்றி ஜனங்கள் இட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஜான் பெருகினான். 1170 டிசம்பர் 29ஆம் நாள் காண்டர்பரி ஆலயத்துக்குள்ளேயே வெட்டுண்டு இறந்த தாமஸ் பெக்கெட்டுக்கு மூன்றே ஆண்டில் புனிதர் பட்டம் கிடைத்ததும் தாமஸும் பெருகினான். தாமஸ் என்றால் அரமேயத்தில் இரட்டைப்பிள்ளை. ஜான் என்றால் எபிரேயத்தில் கர்த்தர் அருள் செய்தார் என்பது. இந்த அர்த்தம் ஆங்கிலக் குடியானவனுக்குத் தெரியாது. அவன் வாங்கிக்கொண்டது ஓசையை மட்டுமே. நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. யோவானை அருளப்பர் என்றும், லத்தீனில் சிறியவன் என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றும் அவர்கள் அழைத்தார்கள். ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்த அந்த நாமகரணத்துக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

பதினான்காம் நூற்றாண்டுக்குள், ஏடுகளில் காணும் ஆடவரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி என்ற ஐந்து பெயர்களுக்குள் அடங்கிவிட்டார்கள். ஒரே பெயரில் ஊர் நிரம்பிய பிறகு கூப்பிடுவதற்கு என்ன வழி? பெயரை முறித்தார்கள். ராபர்ட் என்பது ராப், ஹாப், டாப், நாப் என்று உடைந்தது. ரிச்சர்டு டிக், ஹிக் என்றும், ரோஜர் ஹாட்ஜ் என்றும், வால்டர் வாட் என்றும், ஹியூ ஹட் என்றும் சிதறினார்கள். அந்தச் சில்லுகளிலிருந்து ஹாப்ஸன், டாப்ஸன், டிக்ஸன், ஹாட்ஜ்ஸன், வாட்ஸன், ஹட்ஸன் என்ற குடும்பப் பெயர்கள் முளைத்தன. 1381இல் குடியானவர் கலகம் மூண்டபோது கவி ஜான் கவர், எழுந்து வந்த கூட்டத்தை லத்தீன் செய்யுளில் பழித்து, வாட், டாம், சிம், கிப், ஹிக், வில், ஹாப், ஹட், ஜாக் என்று அவர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். பட்டியல் இன்னும் நீளமானது. அதை எத்தனை முறை படித்தாலும், கலப்பை பிடித்த ஆங்கிலக் கைகள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் ஒரு காட்ரிக் இல்லை, ஓர் உல்ஃப்ஸ்டன் இல்லை. எல்லாம் நார்மானியன் கொடுத்தது, அல்லது திருச்சபை கொடுத்தது.

ஒரே வீட்டுக்குள்ளும் இதே நெருக்கடிதான். நார்ஃபோக் சீமையில் பாஸ்டன் என்ற குடும்பத்தார் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்த வீட்டுத் தலைவன் ஜான் பாஸ்டன். அவனுக்கு 1442இல் பிறந்த மூத்த மகன் ஜான். 1444இல் பிறந்த இளைய மகனும் ஜான். ஒருவன் இறந்தபின் அவன் பெயரை மற்றொருவனுக்கு இட்டார்கள் என்பதில்லை. இருவரும் வளர்ந்து, வாழ்ந்து, ஜான் ஜானுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கடிதங்களைப் பதிப்பித்தவர்கள் முதலாம் ஜான், இரண்டாம் ஜான், மூன்றாம் ஜான் என்று அரசர்களைப்போல் அவர்களுக்கு இலக்கம் போடவேண்டியதாயிற்று.

துரத்தப்பட்ட பழைய பெயர்கள் முற்றிலும் அழிந்துபோகவில்லை. பெயராக இருக்க இடமில்லாமல் குடும்பப் பெயர்களுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டன. காட்வின் குட்வினாகவும், காட்ரிக் குட்ரிச்சாகவும் இன்றும் நடமாடுகிறார்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் கோஷ்டியில் நாம் பெயர் கேட்ட எட்ரிச், பழைய எட்ரிக்கின் வாரிசு. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த டார்வின் குடும்பப் பெயர், அன்பு நண்பன் என்று பொருள்படும் டியோர்வினே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழமையின் மோகம் பிறந்தபோது ஆல்பிரட்டும் ஹாரல்டும் எட்வினும் மறுபடி ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்தார்கள். அந்த ஆவேசத்தில் ஒரு பிழையும் பிறந்தது. வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ஐவன்ஹோ நாவலில், வெஸெக்ஸ் அரச வம்சத்தின் மூலபுருஷனான கெர்டிக்கின் பெயரை எழுத்து இடம் மாற்றி ஸெட்ரிக் என்று எழுதிவிட்டார். அப்படியொரு சாக்ஸன் இருந்ததே இல்லை. ஆனால் சாக்ஸன் ரத்தத்தில் பெருமை கொண்ட தாய்மார்கள் ஆசை ஆசையாக அந்தப் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அவர்களுடைய கதை பின்வரும் இதழ்களுக்கு உரியது.

நாம் பேசிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, நார்மானிய அரண்மனைக்குள் புகுந்து ஆசனம் பெற்ற பழைய பெயர் ஒன்று உண்டு. அதுவும் பக்தியால் வந்தது. 1066 ஜனவரியில் மறைந்த எட்வர்டு மன்னனுக்கு 1161இல் புனிதர் பட்டம் கிடைத்திருந்தது. மூன்றாம் ஹென்றி பேசியது பிரெஞ்சு, மணந்தது பிரெஞ்சு நாட்டின் தெற்கே புரொவான்ஸ் சீமைப் பெண். ஆனாலும் அந்தப் புனிதரிடம் அவனுக்கு அளவற்ற பற்று. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தை இடித்து அவருக்காகவே புதிதாக எழுப்பத் தொடங்கினான். 1239 ஜூனில் தலைச்சன் பிறந்தபோது, வில்லியம் என்றோ ஹென்றி என்றோ ரிச்சர்டு என்றோ இடாமல் எட்வர்டு என்று இட்டான்; 1245இல் பிறந்த அடுத்த மகனுக்கு, டேனியர் கையில் 869இல் உயிர்விட்ட கிழக்கு ஆங்கிலிய அரசனின் பெயரான எட்மண்டு. பிரெஞ்சு பேசும் செவிலியர் நாக்கு தடுமாறிக்கொண்டு அப்பெயர்களைச் சொல்லியிருப்பார்கள்.

1272இல் அந்த எட்வர்டு அரசுரிமை பெற்றான். பின்னால் அவன் மகனும் எட்வர்டு, பேரனும் எட்வர்டு என்று அமைந்தபோது எண்ண வேண்டிய அவசியம் வந்தது. நார்மானிய வெற்றியிலிருந்து எண்ணினார்கள். ஆல்பிரட்டின் மகன் எட்வர்டு, 978இல் கொலையுண்ட எட்வர்டு, யாருடைய பெயரைக் குழந்தைக்கு வைத்தார்களோ அந்தப் புனித எட்வர்டு ஆகிய மூவரும் கணக்கில் சேரவில்லை. அதனால் நான்காவதாக வந்தவன் முதலாம் எட்வர்டு ஆனான். 1936இல் காதலுக்காக முடி துறந்த எட்டாம் எட்வர்டு, சரியாக எண்ணினால் பதினோராமவர்.

(தொடரும்)